ரத்தக்கட்டியைக் கரைக்கும் நொதி ரத்தக்குழாய்ச் செல்லில் எவ்வளவு ஒட்டுகிறது: அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியல் செல்களின் மேல் பிளாஸ்மினின் செயலற்ற முன்வடிவமான பிளாஸ்மினோஜனும், அதைப் பிளாஸ்மினாக மாற்றும் டிபிஏவும் அருகருகே வந்து ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய இடத்தில், கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் வேகமாக உருவாகிறது. இந்தப் பிணைப்பை 96 குழி பிளேட்டில் அளக்கும் முறை இது. தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர் பக்கம் முதுகலை, ஆய்வுப் பட்ட வேலையாகச் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. ரேடியோ அயோடின் வேண்டாம். நொதியின் மேல் அடையாளமாக ஏற்றும் பயோட்டினும், குழிகளின் நிறத்தை அளக்கும் ஒரு பிளேட் ரீடரும் போதும்.

புதிதாகச் செய்பவர்கள் பலருக்கும் முதல் முறையே அழகான வளைகோடு வந்துவிடும். அது செல்லின் வளைகோடுதானா என்பதுதான் கேள்வி. பிளாஸ்மினோஜன் தேடிப் போவது புரதங்களின் வால்நுனியில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை. நம் கைவேலையால் புதிய லைசின் நுனிகள் உண்டானாலும், இருப்பவை மறைந்தாலும், எண் பொய்யாகிவிடும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இந்த ஒரு காரணத்துக்காக அமைந்ததுதான்.

1. எந்த நொதி, எந்த இடம்: முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று நொதிகள், மூன்று விதமான பிடி. ஒரே நெறிமுறையை மூன்றுக்கும் போட்டால் ஒன்றும் தேறாது.

பிளாஸ்மினோஜன் சுமார் 92 கிலோடால்டன் எடை. ஐந்து கிரிங்கிள் மடிப்புகள் கொண்டது. அவற்றின் லைசின் பைகள் வழியாகச் செல்லைப் பிடிக்கிறது. பிடி தளர்ந்தது, கேடி மதிப்பு (பாதி இடங்கள் நிரம்பும் செறிவு) மைக்ரோமோலார் அளவில் இருக்கும். ஆனால் இடங்கள் செல்லுக்கு லட்சக்கணக்கில் உண்டு. பிளாஸ்மாவில் இதன் அளவு சுமார் 2 மைக்ரோமோலார் என்பதால் உடலில் இந்தத் தளர்ந்த பிடியே போதுமானது.

டிபிஏ சுமார் 70 கிலோடால்டன். செல் மேல் இதற்கு இரண்டு வகை இடங்கள். ஒன்று, அனெக்சின் ஏ2 போன்ற ஏற்பிகள், நானோமோலார் பிடி. மற்றொன்று, செல் தானே சுரந்து அடிப்பரப்பில் படியவிடும் பிஏஐ-1 என்ற தடுப்பான். இது டிபிஏவைச் சகப்பிணைப்பால் பூட்டிவிடும்; ஒருமுறை பூட்டினால் கழுவினாலும் போகாது. இந்த இரண்டையும் பிரிக்காமல் வெளியிட்ட எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

யூரோகைனேஸ் தனக்கென உள்ள யூபிஏஆர் ஏற்பியை, லைசின் உதவி இல்லாமல், நானோமோலாருக்கும் கீழான அளவிலேயே இறுகப் பிடிக்கும். செல் சுரந்த யூரோகைனேஸே அந்த இடங்களை ஏற்கெனவே நிரப்பியிருக்கும். ஆகவே அளப்பதற்கு முன் 50 மில்லிமோலார் கிளைசின், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பி.எச். 3.0 கரைசலால் 3 நிமிடம் கழுவி, உடனே நடுநிலைப் பஃபருக்கு மாற்ற வேண்டும்.

முதல்முறை செய்பவர்கள் பிளாஸ்மினோஜனில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு டிபிஏ. ஸ்ட்ரெப்டோகைனேஸ் பிளாஸ்மினோஜனோடு சேர்ந்து வேலை செய்வது. இந்த நெறிமுறை அதற்கு இல்லை.

2. அனுமதியும் தொப்புள்கொடியும்

மனிதத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கும் செல்தான் வழக்கம். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே கொடியைத் தொடுங்கள். ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலின்படி தாயின் ஒப்பம் வேண்டும். படிவம் தமிழில் இருக்கட்டும். பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே விளக்கிக் கையொப்பம் வாங்குங்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை எதிர்மறையாக உள்ள தாய்மாரிடமிருந்து மட்டும் வாங்க வேண்டும்.

கொடி குறைந்தது 15 முதல் 20 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். கிளிப் போட்டு நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். செல்லைப் பிரித்தெடுக்க ஊற்றும் கொலாஜனேஸ் நொதி அதன் வழியே கசியும். நுண்ணுயிர் எதிர்ப்பிகள் சேர்த்த குளிர்ந்த பஃபரில் போட்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து எடுத்து வாருங்கள். தஞ்சாவூரில் வாங்கித் திருவாரூருக்கோ திருச்சிக்கோ பஸ்ஸில் கொண்டு போகிறவர்கள், சித்திரை வைகாசி வெயிலில் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஐஸ் கொடியில் நேராகப் படவும் கூடாது. உறைந்த இடத்தில் செல் செத்துவிடும். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

3. பஃபர்: ஒரு லிட்டருக்கு

ஹெப்பிஸ் 4.77 கிராம், சோடியம் குளோரைடு 8.18 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம், இரு நீர் கால்சியம் குளோரைடு 0.294 கிராம், ஆறு நீர் மெக்னீசியம் குளோரைடு 0.203 கிராம், குளுக்கோஸ் 1 கிராம். பிணைப்புக்கு எடுக்கும் பங்கில் மட்டும் 0.5 சதவீதம் மாட்டு ஆல்புமின் சேருங்கள்.

கால்சியம் ஏன்? அனெக்சின் ஏ2 செல் சவ்வின் வெளிப்பக்கத்தில் கால்சியத்தின் துணையால் நிற்கிறது. கால்சியம் இல்லாத பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக்கரைசலில் இரண்டு தடவை கழுவினால், அளக்க வந்த ஏற்பியின் ஒரு பகுதி கழிவு நீரோடு போய்விடும். செல்களும் உரியத் தொடங்கும். பாஸ்பேட் பஃபரில் கால்சியத்தைப் போட்டால் படிவு விழும் என்பதால்தான் ஹெப்பிஸ்.

பி.எச். விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஹெப்பிஸின் பி.எச். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.014 மாறும். ஏ.சி. இல்லாத அறையில் 35 டிகிரியில் 7.4 வைத்தால், பிணைப்பு நடக்கும் 4 டிகிரியில் அது 7.8 ஆகியிருக்கும். பஃபரைக் குளிரவைத்தே சரிசெய்யுங்கள். அல்லது 25 டிகிரியில் 7.1 வையுங்கள்.

போர்வெல் தண்ணீரை ஒருமுறை காய்ச்சி வடித்தது போதாது. கடலோரப் பக்கம், நாகப்பட்டினம் வட்டாரத்தில், நீரின் உப்பு மிக அதிகம். முதல் நிலைத் தூய நீரையே பயன்படுத்துங்கள்.

சோடியம் அசைடைக் கெடாமல் இருக்கப் போடுவது பல ஆய்வகங்களில் பழக்கம். இங்கே போடாதீர்கள். பின்னால் நிறம் காட்டப்போகும் பெராக்சிடேஸை அது செயலிழக்கச் செய்யும்.

4. செல் எடுத்தலும் விதைத்தலும்

கொடியின் குறுக்கு வெட்டில் மூன்று துளைகள் தெரியும். சுவர் தடித்துச் சுருங்கிய சின்னத் துளைகள் இரண்டும் தமனி. தளர்ந்து அகன்றிருக்கும் ஒன்றுதான் சிரை. கானுலாவை அதில் செருகிக் கட்டுங்கள். ரத்தம் வெளுக்கும்வரை பஃபரால் கழுவி, 0.1 சதவீதக் கொலாஜனேஸ் சுமார் 10 மி.லி. நிரப்பி, இரு முனையையும் கவ்வி, 37 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வையுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் செல் அதிகம் கிடைக்குமே என்று தோன்றும். கிடைப்பது மென்தசைச் செல்.

சீரம் கலந்த ஊடகத்தால் வெளியே தள்ளி, 250 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, ஜெலாட்டின் பூசிய குடுவையில் போடுங்கள். எம்199 ஊடகம், 20 சதவீதச் சீரம், எண்டோதீலியல் வளர்ச்சிச் சேர்மம், ஹெப்பாரின். மறுநாள் காலை ஊடகத்தை மாற்றிச் சிவப்பணுக்களை அகற்றுங்கள். நெருங்கி வளர்ந்ததும் கூழாங்கல் பாவியது போன்ற தோற்றம் வர வேண்டும். நீண்டு சுழித்த செல் தெரிந்தால் அந்தக் குடுவை வேண்டாம். எண்டோதீலியல் செல்லின் அடையாளப் புரதங்களான சிடி31 அல்லது வான் வில்பிராண்ட் காரணிக்கு நிறமேற்றி உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாம் மறுவிதைப்புக்கு மேல் போகாதீர்கள்.

96 குழி பிளேட்டில் குழிக்கு 20,000 செல். ஓரக் குழிகளில் செல் போடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் ஓரக்குழிகள் முதலில் வற்றி, உப்பு ஏறிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை தட்டைக் கழுவிக் கொதிக்கவைத்த நீரை மாற்றுங்கள்.

விதைத்ததற்கும் அளப்பதற்கும் நடுவே முழுதாக 48 மணி நேரம் இருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்களின் எண்கள்தான் அதிகம் கெட்டிருக்கின்றன. செல்லைக் குடுவையிலிருந்து எடுக்கப் போட்ட டிரிப்சின், புரதத்தை லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால்தான் வெட்டும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு புது லைசின் நுனி கிடைக்கலாம். அன்றே அளந்தால் பிணைப்பு பல மடங்கு கூடித் தெரியும். செல் தன் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கொடுங்கள்.

இதே காரணத்தால், செல்லைப் பெயர்த்தெடுத்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளக்கும் யோசனையையும் கைவிடுங்கள். டிரிப்சின் லைசினைக் கூட்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ அனெக்சினைக் கழற்றும். ஒட்டி வளர்ந்த செல்லை ஒட்டியபடியே அளப்பதுதான் சரி.

5. நொதியைத் தயார் செய்தல்

பிளாஸ்மினோஜனை, லைசின் ஒட்டிய மணிகள் நிரப்பிய லைசின் செஃபரோஸ் தூணில் பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கலாம். 100 மி.லி. பிளாஸ்மாவில் இருப்பது ஏறத்தாழ 20 மில்லிகிராம். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. தொடக்கம் முதல், பிளாஸ்மினைத் தடுக்கும் அப்ரோடினின் 1 மைக்ரோமோலார் இருக்கட்டும். இல்லையென்றால் கொஞ்சம் பிளாஸ்மின் உருவாகி, முழு வடிவமான குளு-பிளாஸ்மினோஜனின் முன்பகுதியை வெட்டி லைஸ்-பிளாஸ்மினோஜனாக்கும். லைஸ் வடிவம் செல்லை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால் இரண்டும் கலந்த மாதிரியில் எந்தக் கேடி வந்தாலும் அது யாருடையது என்று தெரியாது. ஜெல்லில் இரண்டுக்கும் சுமார் 8 கிலோடால்டன் வேறுபாடு தெரியும். பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தூணிலிருந்து இறக்குவது எப்சிலான் அமினோகாப்ரோயிக் அமிலத்தால். அது லைசினின் நகல். மாதிரியில் அது தங்கினால் கிரிங்கிள் பைகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும், பிணைப்பே தெரியாது. 100 மடங்கு பஃபரில் மூன்று முறை மாற்றி டயாலிசிஸ் செய்யுங்கள். பின்னர் 280 நானோமீட்டரில் அளவிடுங்கள்: 1 மி.லி.க்கு 1 மில்லிகிராம் என்றால் 1.7 காட்டும்.

பயோட்டின் ஏற்ற, நீண்ட கை கொண்ட என்எச்எஸ்-பயோட்டினை ஒரு புரத மூலக்கூறுக்கு 5 என்ற விகிதத்தில், ஐஸில் 2 மணி நேரம். டிரிஸ் சேர்த்து நிறுத்தி, மறுபடி டயாலிசிஸ். விகிதத்தை 20, 30 என்று ஏற்றினால் சமிக்ஞை கூடும், புரதம் கெடும். கெடவில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் வேண்டும்: பயோட்டின் ஏற்றியது லைசின் செஃபரோஸில் இன்னும் முழுதாகப் பிடிக்கிறதா, டிபிஏவும், பிளாஸ்மின் வெட்டினால் நிறம் தரும் எஸ்-2251 வினைப்பொருளும் சேர்த்தால் 405 நானோமீட்டரில் ஏற்றாத புரதத்துக்கு நிகரான வேகம் காட்டுகிறதா. இரண்டாவது சோதனைக்கு மட்டும் அப்ரோடினின் நீக்கிய பங்கை எடுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தத் தொகுதியைப் பிணைப்புக்கு எடுக்காதீர்கள்.

டிபிஏ இன்னும் பிடிவாதமானது. மருந்தாக வரும் ஆல்டிபிளேஸ் குப்பியில் நொதியைவிட ஆர்ஜினின் முப்பது மடங்குக்கும் மேல். 1 மி.லி.க்கு 1 மில்லிகிராமாகக் கரைத்தால் ஆர்ஜினின் சுமார் 200 மில்லிமோலார். பயோட்டின் ஏறுவது அமினோ முனையில்; ஆர்ஜினினுக்கும் அது உண்டு, ஆகவே குப்பியிலிருந்து நேராக எடுத்துப் பயோட்டின் ஏற்றினால், ஏறுவது ஆர்ஜினின் மேல். சாதாரண பஃபருக்கு மாற்றிவிடலாம் என்றால் டிபிஏ வெள்ளையாகத் திரிந்து விழும். 0.4 மோலார் ஹெப்பிஸ், 0.1 மோலார் சோடியம் குளோரைடு, 0.01 சதவீத டுவீன் 80 கொண்ட கரைசலுக்கு மாற்றுங்கள். பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் பிணைப்புப் பஃபரில் நீர்த்துப்போகச் செய்யுங்கள்.

பிஏஐ-1 பூட்டைத் தவிர்க்க, பயோட்டின் ஏற்றுவதற்கு முன் டிபிஏவின் வினைமுனையை அடைத்துவிடுங்கள். 14 மைக்ரோமோலார் டிபிஏவுக்கு 100 மைக்ரோமோலார் பிபிஏசிகே என்ற தடுப்பான், அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம், பிறகு டயாலிசிஸ். டிபிஏ வெட்டினால் நிறம் தரும் எஸ்-2288 வினைப்பொருளில் மிஞ்சிய செயல்பாடு 1 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும். அடைத்த டிபிஏ ஏற்பியைப் பிடிக்கும்; பிஏஐ-1 அதைப் பூட்ட முடியாது. அடைத்தது, அடைக்காதது இரண்டையும் ஓட்டினால் வேறுபாடு பிஏஐ-1 பங்கைக் காட்டும்.

6. பிணைப்பு நாள்

நீர்த்தல் வரிசையை முதலில் போட்டு முடியுங்கள், செல்லைப் பிறகு எடுங்கள். குளிரில் காத்திருக்கும் செல் உரியும். குளிரில் காத்திருக்கும் நொதிக்கு ஒன்றும் ஆகாது. பிளாஸ்மினோஜன்: 0.06 முதல் 4 மைக்ரோமோலார் வரை இரட்டித்து ஏழு புள்ளிகள். 1 மைக்ரோமோலார் என்பது 1 மி.லி.க்கு 92 மைக்ரோகிராம். டிபிஏ: 1 முதல் 200 நானோமோலார். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மும்முறை.

இதோடு இணையாக அதே வரிசை, ஒவ்வொன்றிலும், லைசின் பைகளை அடைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 10 மில்லிமோலார் சேர்த்து. இதற்குச் சிறப்பு ஆர்டர் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மி.லி. ஆம்பூலில் 500 மில்லிகிராம், அதாவது 636 மில்லிமோலார். மி.லி.க்கு 16 மைக்ரோலிட்டர் போதும்.

செல் பக்கம்: நுண்ணோக்கியில் பாருங்கள். அதே பிளேட்டில் சோதனைக்கு எடுக்காத குழி ஒன்றில், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைப்பான் நீலம் ஊற்றி, இறந்தவை 5 சதவீதத்தைத் தாண்டினால் பிளேட்டை ஒதுக்குங்கள். செத்த செல்லின் உள்ளிருந்து வெளிப்படும் புரதங்கள், உயிருள்ள செல்லைவிட மிக அதிகமாகப் பிளாஸ்மினோஜனைப் பிடிக்கும். நூற்றில் சில செத்த செல்களே மொத்தச் சமிக்ஞையில் பெரும்பங்கைத் தின்றுவிடலாம்.

பிறகு சீரமும் ஹெப்பாரினும் இல்லாத ஊடகத்தில் ஆல்புமினோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம். ஹெப்பாரின் டிபிஏவைப் பிடிக்கும்; சீரத்தில் மாட்டின் பிளாஸ்மினோஜன் உண்டு. அதற்குப் பின் பிணைப்புப் பஃபரால் மூன்று கழுவல். எம்199 ஊடகத்திலேயே பயோட்டின் இருப்பதால் இந்தக் கழுவலை விட்டால் பின்னால், பயோட்டினைப் பிடிக்கப் போடும் ஸ்ட்ரெப்டவிடினை அது தின்னும்.

பிளேட்டை ஐஸ்கட்டி மேல் வைக்காமல், ஐஸும் தண்ணீரும் கலந்த தட்டில் ஓர் அலுமினியத் தகட்டின் மேல் வையுங்கள். வெறும் ஐஸ்கட்டியில் சில குழிகள் தொடும், சில தொடாது. 4 டிகிரி எதற்கென்றால், 37 டிகிரியில் செல் பிடித்ததை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அளப்பது சமநிலை அல்ல. இந்த ஏற்பாட்டில் கரண்ட் போனாலும் பிளேட் பாதிக்கப்படாது. பிளேட் ரீடருக்கு மட்டும் யூ.பி.எஸ். இருக்கட்டும்.

குழிக்கு 50 மைக்ரோலிட்டர், 90 நிமிடம். முதல் தடவை மட்டும் 15, 30, 60, 90, 120 நிமிடங்களில் அளந்து, மிகக் குறைந்த செறிவில் எப்போது நிலைக்கிறது என்று பாருங்கள். தாமதமாக நிலைப்பது குறைந்த செறிவுதான்.

7. கழுவுதல்

பிடி தளர்ந்தது என்று சொன்னதன் விலை இங்கே தெரியும். பிளாஸ்மினோஜன் ஒட்டியதுபோலவே கழன்றும் போகும். ஒவ்வொரு குழியாகப் பிப்பெட்டால் நிதானமாகக் கழுவினால் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் வேறு வேறு எண் வரும். பிளேட்டைக் கவிழ்த்து ஒரே உதறல், பல்முனைப் பிப்பெட்டால் ஐஸ் குளிர்ந்த பஃபர் 200 மைக்ரோலிட்டர், மறுபடி உதறல். மூன்று முறை, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பஃபரைக் குழியின் சுவரோரம் விடுங்கள். செல் மேல் நேராகப் பாய்ச்சினால் பெயர்ந்துவிடும்.

உடனே 1 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு, 10 நிமிடம். பிணைப்புக்கு முன் ஒருபோதும் இதை ஊற்றாதீர்கள். ஃபார்மால்டிஹைடு வினைபுரிவது லைசினின் அமினோ முனையோடு. முன்கூட்டியே நிலைப்படுத்திய செல்லில் நாம் தேடும் இடமே மாறிப்போயிருக்கும்.

கிளைசினால் மிச்சத்தை அடக்கி, ஸ்ட்ரெப்டவிடின் பெராக்சிடேஸ் 30 நிமிடம், நான்கு கழுவல், பெராக்சிடேஸால் நிறம் மாறும் டிஎம்பி, அமிலத்தால் நிறுத்தி 450 நானோமீட்டரில் படியுங்கள். எண் 2ஐத் தாண்டினால் ஸ்ட்ரெப்டவிடினைக் குறையுங்கள். ரீடரின் நேர்கோட்டு எல்லை முடிவதை ஏற்பி நிறைந்ததாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

8. கழிக்க வேண்டியவை

மொத்தத்திலிருந்து டிரானெக்சாமிக் வரிசையைக் கழித்தால் லைசின் வழிப் பிணைப்பு. ஐம்பது மடங்கு பயோட்டின் இல்லாத பிளாஸ்மினோஜனைப் போட்டுக் கழிப்பதுதானே முறை என்று கேட்பார்கள். 4 மைக்ரோமோலாருக்கு ஐம்பது மடங்கு என்பது மி.லி.க்கு 18 மில்லிகிராம். எந்த ஆய்வகத்துக்கும் கட்டுபடியாகாது. டிபிஏவுக்கு நிலைமை வேறு. அதன் விரல் பகுதியின் பிடியை டிரானெக்சாமிக் முழுதாகத் தடுக்காது. அங்கே பயோட்டின் இல்லாத டிபிஏதான் வேண்டும். அதை ஆல்டிபிளேஸ் குப்பியிலிருந்து எடுத்தால், 5 மைக்ரோமோலாருக்கு 70 மில்லிமோலார் ஆர்ஜினினும் கூடவே வரும். அதே அளவு ஆர்ஜினின் மட்டும் போட்ட குழிகள் இல்லாமல் அந்தக் கழித்தல் செல்லாது.

அடுத்தது அடிப்பரப்பு. சில குழிகளில் 0.5 சதவீத டிரைட்டன், 20 மில்லிமோலார் அம்மோனியா கரைசலால் செல்லை மட்டும் கரைத்து எடுத்துவிட்டு, மிஞ்சிய அடித்தளத்தில் அதே சோதனையை ஓட்டுங்கள். செல்களுக்கிடையே இடைவெளி இருந்தால் இந்தப் பின்னணி பெரிதாகத் தெரியும்.

லைசின் நுனிதான் காரணம் என்று நிறுவ, கார்பாக்சிபெப்டிடேஸ் பி கொண்டு முன்கூட்டியே செல்லின் லைசின் நுனிகளைச் சீவிவிட்டு அளக்கலாம். பிணைப்பு குறைய வேண்டும். கூடினால் அந்த நொதியில் டிரிப்சின் மாசு இருக்கிறது என்று பொருள்.

9. கணக்கு

கழித்து வந்த எண்களை ஒற்றைத் தளச் சமன்பாட்டில் நேரடியாகப் பொருத்துங்கள். ஆர் மென்பொருள் இலவசம். ஸ்காட்சர்டு கோடு வரையும் பழக்கம் இன்னும் இருக்கிறது; குறைந்த செறிவுப் புள்ளிகளின் பிழையை அது ஊதிப் பெரிதாக்கி, இல்லாத இரண்டாம் தளத்தைக் காட்டும். மிக உயர்ந்த செறிவு கேடியின் இரண்டு மடங்கையாவது தாண்டாவிட்டால் பிமேக்ஸ் (எல்லா இடங்களும் நிறைந்தால் வரும் பிணைப்பு) எழுதாதீர்கள்.

செல்லுக்கு எத்தனை மூலக்கூறு என்று சொல்ல வேண்டுமானால் நிற எண் போதாது. சில குழிகளை நிலைப்படுத்தாமல் 0.1 சதவீத டிரைட்டனில் கரைத்து, பிளாஸ்மினோஜன் எதிர்ப்பொருள் பூசிய பிளேட்டில் பிடித்து, தெரிந்த அளவு பயோட்டின் பிளாஸ்மினோஜனோடு ஒப்பிடுங்கள். 20,000 செல் உள்ள குழியில் 1 ஃபெம்டோமோல் என்பது செல்லுக்குச் சுமார் 30,000 மூலக்கூறு.

10. எண் இடறினால் எங்கே பார்ப்பது

வளைகோடு நிறையாமல் நேராக ஏறிக்கொண்டே போகிறது: செத்த செல், அல்லது பயோட்டின் அளவுக்கு மீறி ஏறிய புரதம். முதலில் டிரைப்பான் நீலத்தைப் பாருங்கள்.

பிணைப்பே இல்லை: பிளாஸ்மினோஜனில் அமினோகாப்ரோயிக் அமிலம் தங்கியிருக்கிறது. இன்னொரு டயாலிசிஸ் போட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

டிரானெக்சாமிக் போட்டும் குறையவில்லை: நொதி போடாத செல் குழிகளில் நிறம் வருகிறதா பாருங்கள். வந்தால் ஸ்ட்ரெப்டவிடின் தானே ஒட்டுகிறது. வராவிட்டால் புரதம் திரிந்து படிகிறது; 4 டிகிரியில் அதிவேகமாகச் சுழற்றித் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்கள்.

டிபிஏவுக்கு மட்டும் கழுவக் கழுவக் குறையாத ஒரு பங்கு: பிஏஐ-1. கரைத்த செல்லை எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டி ஸ்ட்ரெப்டவிடினால் பாருங்கள். 70க்குப் பதில் 110 கிலோடால்டன் பக்கம் பட்டை வந்தால் அது பூட்டிய இணை. வினைமுனை அடைப்பு முழுமையாகவில்லை. எஸ்-2288 சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஒரே பிளேட்டில் இடமிருந்து வலமாக எண் சரிகிறது: கழுவும் வேகம். வேறு வேறு தாய்மாரின் கொடிகளுக்கிடையே எண் மாறுவது மட்டும் பிழை அல்ல. குறைந்தது மூன்று கொடிகளில் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு எண்ணாக எண்ணுங்கள். ஒரு கொடியின் மூன்று குழிகள் மூன்று சோதனை ஆகாது.